மழை விழாத கட்டம்

ஜாம்பியாவின் மோன்சே ஊரில், ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்தும் கட்டங்களுக்கு முட்டிந்தாவும் சிலாலாவும் வெள்ளைக் கோடு போட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள்.

"போச்சு, பெயின்ட் காயவே இல்ல! அக்கா, நீ பாடினா மழை வரும்னு எத்தன தடவ சொல்றது?" என்றான் சிலாலா.

முட்டிந்தா சிரிக்கவில்லை. தரையெல்லாம் நனைந்து கறுத்துவிட்டது. கடைசிக் கட்டம் மட்டும், ஒரு வண்டி நிற்பதுபோல, நீளமாகக் காய்ந்து கிடந்தது. போன வருஷம் அவள் கணவன் ஹமூங்கா நெஞ்சுவலியோடு தானே ஓட்டி வந்து அங்கேதான் வண்டியை நிறுத்தினான். உள்ளே போனவன் உயிரோடு திரும்பவில்லை. வண்டியை அப்போதே விற்றாயிற்று.

அவள் மழையில் இறங்கிப் போய்க் கையை நீட்டினாள். கையில் ஒரு துளியும் விழவில்லை. இப்போதுதான் இன்ஜினை அணைத்ததுபோல அனல் அடித்தது.

"அக்கா, வந்துடு! எனக்கு இது சரியாப் படல!"

அவள் திரும்புவதற்குள் அந்த இடத்திலும் மழை கொட்டியது. ஈரப் பெயின்ட்டை மிதித்த இரண்டு சக்கரத் தடங்கள் வாசலைத் தாண்டி, அவள் வீடிருக்கும் பக்கம் திரும்பின.

வீட்டில் மகள் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தாள்.

முட்டிந்தா ஓடினாள். போட்ட கோடுகளெல்லாம் மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தடங்கள் மட்டும் கரையாமல், போகப் போக இன்னும் பளிச்சென்று வெள்ளையாகிக்கொண்டே சென்றன.