கத்தும் சட்டை

தாமதமாக வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலிலேயே அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிடுவார்கள். "நான் லேட்டு! எல்லோரும் என்னைப் பாருங்கள்!" என்று அது ஓயாமல் கத்தும். சாயங்கால மணி அடித்தால்தான் கழலும்.

அன்று பனியன் கம்பெனியில் இரவு வேலை முடிந்து கோகிலவாணி வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அதுவரை கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட மகள் நறுமுகைக்கும் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோகிலவாணியும் மகளோடு ஓடிவந்தாள்.

காவலாளி சட்டையை நீட்டியதும் நறுமுகை குறுகிப்போனாள்.

"லேட்டானது நானுங்க. எனக்குப் போடுங்க" என்று கோகிலவாணி அதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். சட்டை கத்தியது. பயந்துபோய்க் குழந்தையும் கத்தியது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தலைமையாசிரியர், காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைக் கழட்டுங்க."

"மணி அடிச்சாத்தானுங்களே சார் கழலும்?"

வேறு வழியில்லாமல் அவர் காலையிலேயே சாயங்கால மணியை அடித்தார். பள்ளியே ஹோவென்று வெளியே ஓடியது. எல்லோருக்கும் முன்னால் நறுமுகை தலை நிமிர்ந்து ஓடிவந்தாள்.