கழட்டுற பக்கம்

"ஏங்க, என்ன அது சத்தம்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல!" என்றேன், வாசலில் மல்லாந்து படுத்தபடி.

பொய்யில்லை. மாமனாருடைய பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்கு அடியில் ஆயில் இறக்கும் போல்ட் ஒன்று இருக்கிறது. காலையில் அதன் தலையில் ஆறு மூலை இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. ஸ்பேனர் வழுக்கி வழுக்கி, கோலிக்குண்டாக்கி வைத்திருந்தேன். போல்ட் மட்டும் இம்மியும் அசையவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், தன் வீட்டில் ஒரு பல்பை மாட்டக்கூட மாமனார் என்னை விட்டதில்லை. அந்த வண்டி அவருக்கு உயிர். தினமும் துடைப்பார். ஆனால் பதினோரு வருஷமாக ஓட்டுவதில்லை. எந்த மெக்கானிக்கும் கிட்ட வரக்கூடாது. "என் வண்டியப் பாக்க என் கை போதும்" என்பார். அப்படிப்பட்டவர் இன்று காலை அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, "ஆயில் மட்டும் மாத்தி வைங்க மாப்பிள்ளை. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். நாலு மணிக்கு வர்றேன்" என்றார். அவர் போனதும், "கடவுளே!" என்றேன் நெகிழ்ந்துபோய்.

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். அவளும் "கடவுளே!" என்றாள். வேறு காரணம்.

"அப்பா உங்கள நம்பி முதல் தடவையா ஒண்ணு கொடுத்தாரு. மத்தியானம் வரைக்கும்கூட தாங்கலையா? போய் தெருமுனை மெக்கானிக்கக் கூட்டிட்டு வாங்க. அப்பா வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

மெக்கானிக் ஒல்லியான மனிதர். வந்ததும் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வருமாண்ணே?"

"பாப்போம்."

"நாலு மணிக்குள்ள?"

"பாப்போம்."

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதே?"

இதற்கு 'பாப்போம்'கூடச் சொல்லவில்லை.

துரு இளக்கும் எண்ணெயை விட்டார். சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் மெல்லத் தட்டினார். டொக், டொக். தூங்குகிறவர் அறைக் கதவைத் தட்டுவது போல. கால் மணி நேரம் இதே வேலை.

"ஓங்கி ஒண்ணு போட்டா வராதா?"

"நீங்க அதத்தான சார் காலையிலேருந்து பண்ணீங்க?"

கையிலிருந்த ஸ்பேனரைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவர் பெரிய ஹேர் டிரையர் போல ஒன்றை எடுத்து, போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த இடத்தை மட்டும் சூடாக்கினார். மறுபடி தட்டினார். மறுபடி சூடு. சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. டொக் என்றிருந்தது, டிங் என்றானது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், இதுல ரெண்டு பேர் கைவேலை இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கழட்டுற பக்கம் தேஞ்சது பளபளன்னு இருக்கு. அது நீங்க. இறுக்குற பக்கமும் தேஞ்சிருக்கு, அதுல துரு ஏறியிருக்கு. பத்து வருஷப் பழசு. யாரோ கீழ படுக்காம, மேல நின்னு குனிஞ்சு கழட்டப் பாத்திருக்காரு. மேலேருந்து பாத்தா இடம் வலமாயிடும். கழட்டுறதா நெனச்சு, மூச்சப் புடிச்சு இறுக்கியிருக்காரு. சட்டை கசங்கக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளா இருக்கும்."

ஒரு போல்ட்டின் தலையில் இவ்வளவு எழுதியிருக்குமா! வாயைப் பிளந்துவிட்டேன்.

"ஆனா எங்க மாமாவத் தவிர இத யாருமே தொட்டதில்லையேண்ணே?"

"அப்படியா? பாப்போம்" என்றார். மனைவி ஏனோ சுவரைப் பார்த்தாள்.

அவர் போல்ட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்தார். ஒரே தட்டு. அதிகம் ஓங்கவில்லை.

'டிக்.'

அவ்வளவுதான். அப்புறம் இரண்டே விரலால், ஜாடி மூடியைத் திறப்பது போல அதைச் சுற்றி எடுத்தார். கறுப்பு எண்ணெய் தட்டில் கொட்டியது. கைதட்டலாமா, கும்பிடலாமா என்று எனக்குப் புரியவில்லை.

"வந்துடுச்சா?"

வாசலில் மாமனார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மணி மூன்றரைதான். நான் எழுந்திருப்பதற்குள் அவர், சேரில்கூட கைக்குட்டை விரித்து உட்காருகிற மனிதர், அந்த எண்ணெய்த் தரையில் முட்டி போட்டு, படுத்தே விட்டார். போல்ட் இருந்த ஓட்டையை வானத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மாமா, மன்னிச்சிடுங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

"பாதிதான் நீங்க" என்றார், எழுந்திருக்காமலே. "மீதி நான். பதினோரு வருஷம் ஆச்சு. ஆயில் மாத்த முடியாம, ஓட்டவும் முடியாம தவிச்சேன். என் கை போதும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, எந்த முகத்தோட மெக்கானிக்கக் கூப்பிடுவேன்?"

"அப்ப, என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்னு சொன்னீங்களே, மாமா?"

"அது சத்தியம் மாப்பிள்ளை" என்றார். "நீங்க எப்படியும் கெடுத்துட்டு மெக்கானிக்கக் கூப்பிடுவீங்கன்னு முழுசா நம்பினேன்."