ஐந்தடி தூரம்

பழைய கேமராக் கடையில் மூன்றாவது லென்ஸையும் மாட்டிப் பார்த்தார் அடைக்கலராஜ். எதிரில் மனைவி பிலோமினா, பையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றாள். எந்த லென்ஸ் வாங்கினாலும் அவள் இமைமயிரை வைத்துத்தான் ஃபோகஸ் பார்ப்பார். இன்று லென்ஸின் வளையத்தைக் கடைசிவரை திருகியும் முகம் மங்கலாகவே இருந்தது.

"இது தூரத்து லென்ஸ் சார். அஞ்சடி தள்ளி நின்னாத்தான் தெளிவா தெரியும்," என்றார் கடைக்காரர்.

பிலோமினா வாசல்வரை பின்னால் நகர்ந்தாள். கண்ணோரச் சுருக்கம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"இதையே வாங்கிக்கிடுங்க," என்றாள். "வீட்டுல நாம இருக்கிற தூரந்தான."

அடைக்கலராஜ் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தார், அந்த முகம் மறுபடி மங்கும்வரை.