தெரியாதா, கவனிக்கலையா?

"தெரியும்னா இதைப் படிச்சுக் காட்டுங்க!"

மொழிபெயர்ப்பாளர் அந்தக் காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார். ரோலர் அக்காவுக்குக் கட்டுப்போட்ட கை விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட முகம் அதிகமாக எரிந்தது.

ஹோட்டல் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் ஆலை அது. மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே 'அகராதி' என்று பட்டப்பெயர். இங்கிலீஷ் தெரிந்ததால் பாதி, யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாததால் பாதி.

எதிரே விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மா. தமிழ் தெரியாதவர். பக்கத்தில் மேனேஜர். தமிழ் தெரிந்தவர், ஆனால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். விரிப்புகளைத் தேய்க்கும் சூடான ரோலர், மிதியிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். பதினோரு வருஷமாக அப்படித்தான். ரிப்பேர் பார்க்க வந்தவர்கள் அதை மாற்றிவிட்டார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் இனி நிற்கும். அக்கா வழக்கம்போலக் காலை எடுத்தாள். சுருண்டு சிக்கிய விரிப்பை உருவக் கையை விட்டாள். ரோலர் நிற்கவில்லை.

மாற்றத்தைச் சொல்லும் அறிவிப்பு, இப்போது மேஜைமேல் கிடக்கும் இதே காகிதம், மெஷின்மேலேயே ஒட்டியிருந்தது. இங்கிலீஷில்.

"தெரியும் சார், கவனிக்கல." விசாரணை தொடங்கியதிலிருந்து அக்கா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறென்ன சொல்வாள்? ஆலையில் பாதிப் பேருக்கு ரோலர் பழக்கியவள் அவள். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தன் மெஷினைப் பற்றித் தனக்கே தெரியாது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதா? கை வெந்தது போதாதா, மானமும் போகணுமா?

மேனேஜருக்கு அந்தப் பதில் வெல்லமாக இனித்தது. "அவங்களே சொல்லிட்டாங்களே. 'ஆப்ளிவியஸ்'னு போட்டு முடிங்க."

அகராதி மட்டும் விடவில்லை. "படிங்க."

"கண்ணாடி கொண்டுவரல சார்."

"எழுத்து பெருசாத்தான் இருக்கு. படிங்க."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது! போதுமா?"

"அப்ப இதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"தெரியாது!"

"யாராவது வாயால சொன்னாங்களா?"

"இல்ல!"

"பொத்தானை அழுத்தணும்னு உங்களுக்கு..."

"தெரியாது, தெரியாது, தெரியாது!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு மனுஷியை இப்படியா உரிப்பது? கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவன் கம்பெனிக்குத்தானே வாலாட்டுவான்.

அகராதி நிதானமாக அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அக்காவின் காதில் 'ஆப்ளிவியஸ்', 'அன்அவேர்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் மாறி மாறி விழுந்தன. கடைசியில் அதிகாரி கையை உயர்த்தி அடக்கினார். அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

அறையில் பேசுவது எல்லாமே இரண்டு மொழியிலும் வரவேண்டும் என்பது விதி. அகராதி அவள் பக்கம் திரும்பினார்.

"'ஆப்ளிவியஸ்'னு எழுதினா, கண்ணு முன்னாடி இருந்தும் நீங்க கண்டுக்கலன்னு ஆயிடும். தப்பு உங்க தலையில விழும், வேலை போகும். 'அன்அவேர்'னா, சேதியே உங்களுக்கு வந்து சேரலன்னு அர்த்தம். அம்மா அதைத்தான் எழுதியிருக்காங்க. வேலை உங்களுக்கு இருக்கு. கை ஆறுற வரைக்கும் வைத்தியம் கம்பெனி பொறுப்பு."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க. பதினோரு வருஷத்துல உங்க மெஷின்ல இதுதான் முதல் விபத்தாம். ஆலையிலேயே அவ்வளவு காலம் விபத்தில்லாம ஓட்டினவங்க வேற யாரும் இல்லையாம்."

அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. தெரியாது என்று சொன்ன பிறகும் ஒருத்தி தலைநிமிர்ந்து உட்காரலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிகாரி கோப்பைப் புரட்டி இன்னொரு கேள்வி கேட்டார். அகராதி இங்கிலீஷில் சுருக்கமாகப் பதில் சொன்னார். மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்ன சார்?" என்றாள் அக்கா.

"அறிவிப்பைத் தமிழ்ல எழுதி ஒட்டவேண்டியது யாரு பொறுப்புன்னு கேட்டாங்க," என்றார் அகராதி. "நான்தான்னு சொன்னேன்."

அக்கா அவரையே பார்த்தாள். ஒவ்வொரு 'தெரியாது'வையும் அவள் வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, இந்த மனுஷன் தனக்கே அல்லவா குழி வெட்டியிருக்கிறார்! இப்படி ஒருத்தரோடு ஒரே ஆலையில் வேலை பார்க்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு விம்மியது.

மேனேஜர் குனிந்து அவர் காதில் அவசரமாக ஏதோ கிசுகிசுத்தார். அகராதி தலையசைத்து மறுத்தார்.

"இப்ப அவர் என்ன சார் சொன்னாரு?"

அறையில் பேசுவது எல்லாமே இரண்டு மொழியிலும் வரவேண்டுமே! அகராதி அதையும் விடவில்லை.

"அந்த வேலை என் மேஜையில இருந்ததே எனக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கச் சொல்றார். எனக்குத் தெரியும், செய்யாம விட்டுட்டேன்னு எழுதச் சொல்லப்போறேன்."