பத்துக் கையெழுத்து

"தேதி தப்பும்மா" என்று சொல்லிப் படிவத்தை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்தெட்டு. நான்கு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவேன். இந்த ஆண்டு புதிய மாணவர் சங்கங்களைப் பதிவதற்கு இன்றுதான் கடைசி நாள்.

அவள் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. குடிமை உரிமைக் கழகத்துக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கிளை தொடங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பத்து மாணவர்களின் கையெழுத்து வேண்டும். தொடக்கக் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும். கிளையை வழிநடத்த ஓர் ஆசிரியர் எழுதிக் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும்.

இது அவளுக்கு மூன்றாவது நடை.

திங்கட்கிழமை கொண்டுவந்ததில் ஒரு கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வால் நீட்டியிருந்தது. திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை ஏழு பேர் நீல மையிலும் மூன்று பேர் கறுப்பு மையிலும் போட்டிருந்தார்கள். அதையும் திருப்பினேன்.

மாணவர்கள் எனக்கு 'நொட்டை மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. கழிப்பறைக் கதவிலேயே எழுதி வைத்தால் எப்படித் தெரியாமல் போகும்? அதிலும் ஓர் எழுத்துப்பிழை.

இன்றைக்குக் கையெழுத்துகள் ஒழுங்காக இருந்தன. ஒரே மை, எல்லாம் கட்டத்துக்குள். ஆனால் கூட்டம் நடந்தது பதினான்காம் தேதி என்கிறது தீர்மானம். ஆசிரியர் சம்மதம் தந்திருப்பதோ பதின்மூன்றாம் தேதி. பிள்ளை பிறப்பதற்கு முந்தின நாளே மனிதர் தொட்டிலை ஆட்டியிருக்கிறார்.

"ஒரே ஒரு நாள்தானே மேடம்" என்றாள். "நாளைக்குக் காலைல அவளை விசாரிக்கப் போறாங்க. உங்களுக்கும் தெரியும்."

தெரியும். அந்த விசாரணைக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

அவள் என்பது இவளுடைய அறைத்தோழி. விடுதியில் சில பேரின் அறைகளை மட்டும் ஏன் சோதனை போடுகிறீர்கள் என்று கேட்டு நோட்டீஸ் ஒட்டியவள். நாளை அவளுக்கு எதிரே ஐந்து பேர் உட்காருவார்கள். பதிவான சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசலாம். மற்றச் சங்கங்கள் எதுவும் வர முன்வரவில்லை. இந்தக் கிளை பதிவாகாவிட்டால் அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

ஜன்னலில் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள்.

"நீங்க அவங்க ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் நம்பல."

ஆசிரியரின் அறை கடைசிக் கட்டடத்தில், மூன்றாவது மாடி. ஒரு வாரமாக அங்கே லிஃப்ட் ஓடவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். புல்லில் நடக்காதீர்கள் என்ற பலகையைச் சுற்றிக்கொண்டு புல்லிலேயே ஓடினாள், சட்டம் படிக்கிறவள்.

நான் முத்திரையில் இன்றைய தேதியைத் திருகி வைத்தேன். பழைய காகிதத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தேன். வேறு வேலை ஓடவில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது. சம்மதம் புதிய தாளில், இன்றைய தேதியோடு இருந்தது. நான் அதை மட்டும் பார்க்கவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். அவள் கடிகாரத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் மிச்சமிருக்க முத்திரை குத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. வராந்தாவில் போகும்போதே யாருக்கோ ஃபோன் போட்டுக் கத்தினாள்: "நொட்டை விட்டுட்டாடி!"

துணைப் பதிவாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். இந்தப் படிவத்துக்காகத்தான் அவர் மூன்று நாளாகக் காத்திருந்தார். எங்கேயாவது இடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் அவரே நின்றுகொண்டு படித்தார். பின்பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு கையெழுத்துப் போட்டு என் மேசையில் வீசிவிட்டுப் போனார்.

கிளை பதிவாகிவிட்டது.

பத்தொன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு படிவத்தைத்தான் நான் படிக்காமல் வாங்கியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இதே கிளையைத் தொடங்குவதற்கு வந்த படிவம். கொண்டுவந்தவன் ஜன்னலில் குனிந்து, வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தேன்.

பத்துப் பேரில் ஒருவர் அஞ்சல்வழி மாணவர், அவர் கணக்கில் வரமாட்டார் என்று துணைப் பதிவாளர் அன்று மாலையே கண்டுபிடித்தார். கிளை செல்லாது என்று ஆயிற்று.

மறுவாரம் விசாரணை அறைக்குள் என் மகன் தனியாகப் போனான். கதவைச் சாத்தச் சொன்னார்கள். நான்தான் சாத்தினேன்.