நொடிக்கு ஐந்து மீட்டர்

"முப்பத்தாறு கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். வேகம் எவ்வளவும்மா?"

ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் மேனேஜரம்மா கால்குலேட்டரைத் தேடினாள்.

"அதெல்லாம் வேணாம். மணிக்குப் பதினெட்டு. அதாவது நொடிக்கு அஞ்சு மீட்டர். எங்க பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துல கடைசியா வர்ற குண்டன்கூட இதைவிட வேகமா ஓடுவான்!"

புகார்க் கடிதத்தை மேசைமேல் பட்டென்று வைத்தார் இயற்பியல் வாத்தியார். கடிதமா அது? தூரம், நேரம், வேகம் என்று பிரித்து எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக் கோடும் இழுத்திருந்தார்.

பள்ளியில் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். முப்பத்தொரு வருஷமாக வேகக் கணக்குப் போட்டுப் போட்டு, எது நகர்ந்தாலும் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். மனைவி அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்தால்கூட, "நொடிக்கு அரை மீட்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவார். "அப்ப நீங்களே ஓடி வந்து எடுத்துக்கோங்க" என்பாள் அவள்.

அந்த மனைவிதான் நேற்று மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியின் பின்னால் அவளும் நர்ஸும். முன்னால் டிரைவரும் வாத்தியாரும்.

"சைக்கிள்ல ஒரு தாத்தா எங்களை முந்திட்டுப் போனார்மா! போனவர் சும்மா போனாரா? திரும்பிப் பார்த்து 'உச்'சுக் கொட்டிட்டுப் போனார்!"

மேனேஜரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரோரம் நின்ற டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஏற்கெனவே உங்க மேல ரெண்டு புகார் இருக்கு. இதுவும் நிஜம்னா வேலை போயிடும், தெரியுமில்ல?"

டிரைவர் தலையை ஆட்டினார்.

"இருங்க, இன்னும் முடியலை. ரெண்டாவது குற்றம். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு டம்ளர் நிறையத் தண்ணி வச்சிருந்தார். ரோட்டைப் பார்க்காத நேரமெல்லாம் அதையேதான் பார்த்தார். தாகம்னா குடிக்க வேண்டியதுதானே? குடிக்கவும் இல்லை!"

"மூணாவது?"

"சொன்னா வெட்கக்கேடு. என் பொண்டாட்டி பின்னால வலியில துடிச்சிட்டிருக்கா, இவர் விசிலடிக்கிறார்மா! ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை!"

மேனேஜரம்மாவின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "இதுக்கு என்ன சொல்றீங்க?"

"சார் போட்ட கணக்கு சரிதாம்மா" என்றார் டிரைவர்.

அவள் கோப்பைத் திறந்தாள். முதல் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், உங்க வீட்டம்மாவுக்கு எங்கே அடின்னு சொன்னாங்க?"

"இடுப்புல."

"கழுத்தெலும்புல விரிசல் சார். வண்டி ஒரு தடவை தூக்கிப் போட்டாலும் கை கால் வராமப் போயிடும்னு எழுதியிருக்கு."

வாத்தியார் சீட்டை வாங்கித் தானே படித்தார். இன்று காலை டாக்டர்கள் அவளைக் கால் விரலை அசைக்கச் சொன்னதும், அது அசைந்ததும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதும் எதற்கென்று இப்போதுதான் விளங்கியது.

அவள் இன்னொரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். வண்டியில் பொருத்தியிருக்கும் கருவி வரைந்த வேகக் கோடு.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

'சீரான வேகம்ங்கறது கணக்குல மட்டும்தான் உண்டு. நிஜ ரோட்டுல எந்த வண்டியும் அப்படிப் போகாது' என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவர் அவர். கரும்பலகையில் ஸ்கேல் வைத்து அவர் இழுக்கும் அந்தக் கோடு, இதோ, கண்ணெதிரே கிடந்தது. குழியும் வளைவும் லாரியும் நிறைந்த ரோட்டில், இரண்டு மணி நேரம், ஒரு மனிதர் காலால் இழுத்த கோடு!

வளைவுகளில் திசை மாறுவதால் இதைச் சீரான திசைவேகம் என்று சொல்லக் கூடாது என்று திருத்தப் போன வாய், தானாகவே மூடிக்கொண்டது.

"அந்த... டம்ளர்?"

"தண்ணி ஆடினா பின்னால அம்மாவும் ஆடறாங்கன்னு அர்த்தம் சார்."

போய்ச் சேர்ந்தபோதும் அந்த டம்ளர் விளிம்புவரை நிறைந்தே இருந்தது. வாத்தியார் அதையும் பார்த்திருந்தார். பார்த்துப் பல்லைக் கடித்திருந்தார்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா? ரெண்டு மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினேனே!"

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சு வலி வந்திருக்குன்னு அம்மா நர்ஸ்கிட்ட சொல்லியிருக்காங்க. விஷயம் தெரிஞ்சா நீங்க அங்கேயே விழுந்துடுவீங்க, மூச்சு விடாதேன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. கோபம் இருக்கற வரைக்கும் பயம் கிட்ட வராது பாருங்க. அதான் திட்டட்டும்னு விட்டுட்டேன்."

வாத்தியார் கடிதத்தை எடுத்தார். இரட்டைக் கோடு போட்ட விடையோடு சேர்த்து இரண்டாகக் கிழித்தார். கிழித்த பிறகும் ஒரு குற்றம் மிச்சமிருந்தது.

"அப்ப அந்த விசில்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நடுவுல ரெண்டு தடவை திட்டறதை நிறுத்திட்டு நெஞ்சுல கை வச்சீங்க சார். திரும்பவும் உங்களுக்குக் கோபம் வர வைக்க எனக்கு வேற வழி தெரியலை."