சில்லறை வெள்ளி

மேசை ஓரத்திலிருந்த அந்தத் தட்டின் பக்கம் பார்வை போய்விடக் கூடாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், கணவருக்கு அது பிடிக்காமல் போய்விடும். திரைச்சீலையின் நிறத்திலிருந்து குழந்தையின் பெயர் வரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

வெள்ளிக் கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்கார அக்கா உட்கார்ந்திருந்தார். அவளிடம் துணி தைக்கக் கொடுப்பவர். இந்தப் பக்கம் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நின்றுபோன பெட்டிகளையே நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, உலகமும் ஒரு நாள் அப்படி நின்றுவிடும் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். வங்கி மூடும், போன் செத்துப்போகும், நோட்டு வெறும் காகிதமாகும். அன்றைக்கு வெள்ளியைக் கொடுத்துத்தான் அரிசியும் மருந்தும் வாங்க முடியும். அதனால் இந்த வருஷ போனஸ் முழுவதும் வெள்ளிக்கு.

துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓர் ஓவர்லாக் மெஷின் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் ஆர்டர் நிரந்தரமாகக் கிடைக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்திருந்தாள். மாத முடிவுக்குள் மெஷின் இல்லையென்றால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். "கரண்டே இருக்காது, மெஷினை வச்சு என்ன பண்ணுவே?" என்று முடித்துவிட்டார்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் கடைக்குக் கிளம்பியபோது கூடவே கிளம்பினாள். மெஷின் வருவதும் வராததும் இவர் எதில் கை வைக்கிறார் என்பதில்தான் இருந்தது.

முதலில் கட்டியில் வைத்தார். செங்கல் மாதிரி கனத்த வெள்ளிக் கட்டி. அதை உள்ளங்கையில் ஏந்தி ஆசையாக எடை பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். "ஒரே கட்டி, வைக்கவும் சுலபம். ஒரு பாக்கெட் பாலுக்கு மூலையில கொஞ்சம் அறுத்துக் குடுத்துடலாம்."

அவர் கட்டியைக் கீழே வைத்தார்.

"பாலுக்கு யாராவது கட்டியை அறுப்பாங்களா? சின்னச் சின்னதா இருக்கணும். இதெல்லாம் உனக்குப் புரியாது."

புரியாதுதான் என்று ஒத்துக்கொண்டாள்.

அடுத்து அக்கா, பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்த புதுக் காசுகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் கழுகு, ஒன்றில் கப்பல். இவர் முகம் மலர்ந்தது. அவள் அவசரமாக முந்திக்கொண்டு கப்பலைக் கொஞ்சாத குறையாகப் புகழ்ந்தாள். ஷோகேஸில் வைத்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும் என்றாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. அழகு பார்க்கவா வந்தோம் என்று ஆரம்பித்து, செய்கூலி எவ்வளவு வீண் என்பது வரை அவளுக்குப் பாடம் நடத்தினார். கஷ்ட காலத்தில் கப்பல் போட்ட காசை எவன் நம்புவான்? பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரிந்த காசாக இருக்க வேண்டும்.

"அப்ப இதுதான் இருக்கு, தம்பி," என்று அக்கா அந்தத் தட்டை நகர்த்தினார். ஒரு காலத்தில் கடைவீதியில் புழங்கி, ஓரம் தேய்ந்து, கறுத்துப்போன பழைய வெள்ளிக் காசுகள்.

அவள் மூக்கைச் சுளித்தாள். "ஐயே, இதுவா? யார் யார் கை பட்டதோ."

அது போதும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு காசிலும் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. மேசைமேல் சுண்டிவிட்டுக் காதைச் சாய்த்தார். கணீரென்றது. எங்கேயிருந்து வந்த சரக்கு என்று விசாரித்தார்.

"ஒரே வீட்டுச் சரக்கு. நல்ல குடும்பம்," என்றார் அக்கா, முகத்தில் ஒரு ரேகைகூட அசையாமல்.

"விவரம் இல்லாத குடும்பம்னு சொல்லுங்க. இந்தக் காலத்துல வெள்ளியை யாராவது வெளிய விடுவாங்களா?"

அவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தார்.

தட்டிலிருந்த அத்தனையும் துணிப்பைக்குள் போயிற்று. போனஸ் உறை அக்காவின் இழுப்பறைக்குள் போயிற்று. அதிலிருந்து ஒரு நோட்டுகூட அவர் கைக்குத் திரும்பவில்லை.

அவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். தெருவில் இறங்கியதும், மெஷினை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சரிங்க என்றாள். அவர் சொன்னதற்கெல்லாம் இத்தனை காலமும் சரிங்க என்றவள்தான். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் கசக்கும். இன்றைக்கு மட்டும் அது நாக்கில் இனித்தது.

வீட்டுக்கு வந்து, காசுகளைக் காலுறைகளில் போட்டு முடிந்து, பரணில் ஏற்றிவிட்டு இறங்கியவருக்கு ஆசை அடங்கவில்லை. ஆபீஸில் கடன் போட்டாவது இன்னும் வாங்க வேண்டும் என்றார்.

"அந்தக்கா உன் கஸ்டமர்தானே. இதே மாதிரி இன்னொரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லு."

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக.

"ஏன், மறுபடியும் மூக்கைச் சுளிக்கிறியா?"

"நான் சொல்ல மாட்டேங்க. இது போதும்."

அக்காதான் இன்னொரு தட்டுக்கு எங்கே போவார்? அம்மா அவளுக்கென்று விட்டுப்போன காசுகளைப் பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து வழித்தெடுத்து, விற்று மெஷினுக்குப் பணம் தாருங்கள் என்று போன வாரம் அக்காவிடம் கொடுத்தபோதே அவளுடைய டப்பா காலியாகிவிட்டது.